பிசின் தரும் மரம்! பாலைவனத்துக்கு அணை போடுகிறது

கடையில் ஒரு பாட்டில் கலர் வாங்கிக் குடிக்கிறோம். இனிக்கிறது, மணக்கிறது. அதற்குள் ஒரு மரத்தின் பிசினும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது!

ஆப்பிரிக்காவில் உள்ள சூடான் நாட்டில் விளையும் பிசின் அது. 'அரபிப் பிசின்' என்று பெயர். அதைத் தரும் மரத்தை அங்கே 'ஹஷாப்' என்கிறார்கள். நம் ஊர்க் கருவேல மரத்துக்கு அது உறவு. முள் மரம்தான்.

என்ன வேலை செய்கிறது?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. பானத்துக்கு மணம் தரும் எண்ணெய் மேலே மிதந்துவிடும். பிசின் சேர்த்தால், எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு மிதக்க விடாமல் தடுக்கும். மாத்திரையின் மேல்பூச்சு, வர்ணம், மை, தபால் தலையின் பசை ஆகியவற்றுக்கும் இது பயன்பட்டிருக்கிறது.

மரத்தை வெட்டுவதில்லை!

மழைக்காலம் முடிந்து இலை உதிரும்போது வேலை தொடங்கும். நீண்ட பிடி போட்ட சிறிய இரும்புக் கருவியால் கிளையின் பட்டையை ஓர் இடத்தில் உரிப்பார்கள். சில வாரங்களில், காயத்தில் பிசின் முத்து முத்தாகத் திரளும். அதைக் கையால் பறிப்பார்கள். மறுபடியும் ஊறும், மறுபடியும் பறிப்பார்கள். ஆழமாகக் கீறினால் மரம் கெட்டுவிடும். அளவோடு கீறினால் ஆண்டுதோறும் தரும்.

ஒரு மரத்தில் ஒரு பருவத்துக்குக் கிடைப்பது சுமார் கால் கிலோதான். ஆனாலும் சோளமும் கம்பும் விளையாத காலத்தில் ஏழைக் குடியானவருக்கு அதுதான் கைக்காசு.

இந்த மரம் மண்ணுக்கு உரம் சேர்க்கிறது. வேரால் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. சகாராப் பாலைவனம் தெற்கே பரவாமல் காக்கும் காவல்காரன் இது.

போர் வந்தது

1997-ல் அமெரிக்கா சூடான் மீது வர்த்தகத் தடை விதித்தது. ஆனால் இந்தப் பிசினுக்கு விலக்கு அளித்தது. அத்தனை தேவை!

2023 ஏப்ரல் 15-ந் தேதி அந்த நாட்டில் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை மூண்டது. பிசின் விளையும் கொர்டோபான் பகுதியிலும் போர் பரவியது. பிசினுக்குப் பெரிய சந்தையான அல் உபையித் நகரம் முற்றுகைக்கு உள்ளானது. வழியெங்கும் ஆயுதம் தாங்கியவர்கள் வரி கேட்டார்கள். ஏராளமானோர் ஊரைவிட்டு ஓடினார்கள்.

பிசினுக்குக் காசு வந்தால், குடியானவர் மரத்தைப் பிள்ளைபோல் காப்பார். காசு வராவிட்டால்? அடுப்பு எரிய வேண்டுமே! விறகுக்கும் கரிக்கும் அதே மரத்தை வெட்டுவார். மரம் போனால் மணல் வரும். மணல் வந்தால் வயல் போகும்.

சிறு கத்தி கீறும் வரை அந்த மரத்துக்கு ஆபத்து இல்லை. கோடாரி வந்தால்தான் ஆபத்து!