முட்டிக்குள் போகும் ஊசி

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்குக் கை, கால் முறிந்தால் புத்தூர்தான். சுருட்டப்பள்ளியில் ஆந்திரா தொடங்கிவிடும். நாகலாபுரம் தாண்டிப் போனால் புத்தூர் கட்டு. பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் அந்த வைத்தியத்துக்குச் சென்னை வரை பேர் உண்டு. முட்டித் தேய்மானம் வேறு கதை. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட கால்களுக்கு வீட்டிலேயே நொச்சித் தழை ஒத்தடம், வாட்டிய எருக்கம் இலை, முடக்கத்தான் தோசை. அதிலும் அடங்காவிட்டால், வயதானால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுவரைப் பிடித்தபடி எழுந்து சமைத்தார்கள், தரையில் உட்கார முடியாமல் விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவள்ளூர் போக வேண்டும். முன்பெல்லாம் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணி ஆற்றுத் தரைப்பாலம் மூழ்கிப் பாதை அறுந்துவிடும். இன்று உயரமான பாலம் இருக்கிறது. 2022 முதல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வழி திறந்ததும் முட்டிக்குள் போடும் ஊசியும் பழகிவிட்டது.

ஊசி ஒன்றும் புதிதல்ல. ஃபிலடெல்பியாவில் ஜோசப் ஹாலண்டர் 1951-லேயே மூட்டுக்குள் ஹைட்ரோகார்டிசோன் செலுத்திப் பலன் கண்டு எழுதினார். இன்றும் அதே வகை ஸ்டீராய்டுதான் அதிகம் போடப்படுகிறது. காலை நீட்டிப் படுக்க வைத்து, கிருமிநாசினியால் முட்டியைத் துடைத்து, முட்டிச் சில்லின் ஓரமாக ஊசியை இறக்குவார்கள். நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பார்கள், மஞ்சளாக வரும். பிறகு மருந்து. சில நாளில் வீக்கமும் வலியும் தணியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அடுத்த சில நாள் சர்க்கரை ஏறும் என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அந்தத் தணிவு சில வாரங்களுக்குத்தான். வலி திரும்பியதும் இன்னொன்று, மறுபடி ஒன்று என்று போகும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் 140 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு 12 வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு வருட முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை; குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

'ஜெல் ஊசி' என்பது ஹையலூரானிக் அமிலம். ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். 169 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2022-ஆம் ஆண்டு அலசல், நோயாளி உணரும் அளவுக்கு அதில் பலன் இல்லை என்றது. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி.யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். ஒரு வருடம் கழித்து அதுவும் உப்புநீரும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. இவற்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. செங்கல் சூளையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்டுக்கு நின்று சம்பாதித்த காசு அது. கடன் வாங்கியாவது போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஊசிக்கே இடமில்லை என்று சொல்ல மாட்டேன். வீங்கிப்போன முட்டியை மடக்கவே முடியாதவருக்கு அது ஒரு மூச்சு விடும் நேரம். அந்த நேரத்தில் தொடைத் தசையைப் பலப்படுத்திவிட வேண்டும். 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஒரு வருடம் கழித்து ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட இயன்முறைப் பயிற்சி செய்தவர்களே வலி குறைந்து நன்றாக நடமாடினார்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் நடந்த மாற்றங்களில் பெரியது இதுதான் என்பேன். தேவைப்படுவது ஒரு துண்டு. சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, "ஆயா, கீழ அழுத்துங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க" என்று சொல்லித்தர ஒரு ஆள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி மீது நான்கு கிலோ சுமை குறைகிறது.

மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டால் மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே செய்துகொள்ளலாம். கடைசி ஊசி போட்ட தேதியை மட்டும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அறுவை செய்தால் மூட்டில் கிருமி தொற்றும் ஆபத்து கூடும்.