சுருங்குவதெல்லாம் 'ஷ்ரிங்க்' ஆகுமா?

எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளையில் 'ஷ்ரிங்க்' என்ற வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் அருகில் 'சுருங்கு, குறை' என்று பொருளும் எழுதினேன். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் அச்சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். வந்த விடைகளில் மூன்று என்னை யோசிக்க வைத்தன.

ஒரு மாணவன், இஸ்திரி போடாததால் தன் சட்டை 'ஷ்ரிங்க்' ஆகிவிட்டது என்று எழுதியிருந்தான். ஒரு மாணவி, பத்தியைச் சுருக்கி எழுதுவதற்கு அச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தாள். மற்றொருவன் தக்காளி விலையை 'ஷ்ரிங்க்' ஆக்கியிருந்தான். மூன்றுமே ஆங்கிலத்தில் பொருந்தாதவை. ஆனால் மூவரும் நான் கொடுத்த பொருளைச் சரியாகவே பயன்படுத்தியிருந்தார்கள். நான் பொருள் சொன்ன முறையில்தான் குறை இருந்தது.

ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்

தமிழில் 'சுருங்கு', 'சுருக்கு', 'சுருக்கம்' ஆகியவை பரந்த பொருள் உடையவை. துணியில் விழும் மடிப்பும் சுருக்கம்; முதியவர் முகத்தில் விழும் கோடும் சுருக்கம்; கட்டுரையின் சாரமும் சுருக்கம். நன்னூல் சொல்லும் பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலும் ஒன்று.

ஆங்கிலம் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. துணி கசங்கினால் 'கிரீஸ்' அல்லது 'ரிங்க்கிள்'. பத்தியைச் சுருக்கினால் 'சம்மரைஸ்' அல்லது 'ஷார்ட்டன்'. விலையும் வெப்பநிலையும் குறைந்தால் 'ஃபால்' அல்லது 'டிராப்'. கசங்கிய சட்டையின் அளவு மாறுவதில்லை. இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். வெந்நீரில் துவைத்த பிறகு கை நுழைய மறுக்கும் சட்டைதான் 'ஷ்ரிங்க்' ஆன சட்டை. உருவம், பரப்பு, கொள்ளளவு ஆகியவை குறைவதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள்.

இதை விளக்க ஆரல் கடல் நல்ல எடுத்துக்காட்டு. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே உள்ள இது, ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பருத்திச் சாகுபடிக்குத் திருப்பிவிடப்பட்டதால், 1960களிலிருந்து அதன் பரப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆங்கிலப் பாடநூல்கள் இதை 'ஷ்ரிங்க்' என்ற சொல்லால் குறிப்பது மிகப் பொருத்தம். மக்கள்தொகை, பொருளாதாரம், சந்தை போன்றவற்றையும் ஓர் உருவம்போல் கருதுவதால், அவற்றுக்கும் இச்சொல் வரும்.

அருகில் நிற்கும் சொற்கள்

குளிரும்போது உலோகம் சுருங்குவதை அறிவியல் பாடத்தில் 'கான்ட்ராக்ட்' என்கிறோம். திராட்சை உலர்ந்து தோல் சுருங்கினால் 'ஷ்ரிவல்'. கோடையில் குடிநீர் இருப்பு சிறுகச் சிறுகத் தீர்ந்துகொண்டே போனால் 'டுவிண்டில்'. மூன்றையும் 'சுருங்கு, குறை' என்று எழுதிவிட்டால் மாணவருக்கு வேறுபாடு தெரியாது. எது சுருங்குகிறது, எப்படிச் சுருங்குகிறது என்று கேட்டால் தெரிந்துவிடும்.

இலக்கணத்தில் ஒரு வசதி

சட்டை சுருங்கியது, வெந்நீர் சட்டையைச் சுருக்கியது என்று தமிழில் இரு வடிவங்கள் உண்டு. உருகு–உருக்கு, அடங்கு–அடக்கு போன்ற இணைகளைத் தன்வினை, பிறவினை என்று நாம் கற்பிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். அடுத்துச் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்தே மாணவர் வேறுபாட்டை அறிய வேண்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இதை ஒரே வாரத்தில் நடத்தினால் இரு பாடங்களுக்கும் பயன்.

கால வடிவங்கள் 'ஷ்ரிங்க் – ஷ்ராங்க் – ஷ்ரங்க்'. 'டிரிங்க்', 'சிங்க்' ஆகியவற்றுடன் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் எளிதில் பதியும். ஆனால் 'திங்க்' இந்த வரிசையில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வழக்கில் 'ஷ்ரங்க்' என்பதே இறந்தகாலமாகவும் வருவதுண்டு. 1989ஆம் ஆண்டு வெளியான 'ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்' என்ற திரைப்படத்தின் பெயரே அதற்குச் சான்று. மாணவர் இதைச் சுட்டிக்காட்டினால் பாராட்டலாம். தேர்வுக்கு 'ஷ்ராங்க்' என்று எழுதப் பழக்குவதே நல்லது.

மறைந்து நிற்கும் பொருள்

'ஷ்ரிங்க்' என்பதன் பின் 'ஃப்ரம்' வந்தால் பொருள் மாறிவிடும். அச்சம், கூச்சம், வெறுப்பு காரணமாகப் பின்வாங்குதல் என்பது அப்போதைய பொருள். "ஷீ டிட் நாட் ஷ்ரிங்க் ஃப்ரம் ஹர் டியூட்டி" என்றால், அவர் தம் கடமையிலிருந்து பின்வாங்கவில்லை என்று பொருள். இப்பொருளில் எதிர்மறை வாக்கியங்களே அதிகம் கண்ணில் படும். 'சுருங்கு' என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றுப் பாடத்தில் இந்த வாக்கியத்தைப் பார்த்தால் திகைத்துப்போவார். இங்கே தொட்டாற்சிணுங்கியைக் காட்டலாம். தொட்டவுடன் அது இலைகளை ஒடுக்கிக்கொள்வதைப் பார்த்த குழந்தைக்கு, உடல் ஒடுங்குவதிலிருந்து மனம் பின்வாங்குவது வரையிலான தொடர்பு எளிதில் விளங்கும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

சிறிதாகிப்போன பழைய சட்டை, கசங்கிய துணி, உலர்திராட்சை, ஒரு நீண்ட பத்தி ஆகியவற்றை மேசையில் வையுங்கள். நான்கு ஆங்கில வினைச்சொற்களை அட்டைகளில் எழுதிக் குழுக்களிடம் கொடுங்கள். எந்தப் பொருளுக்கு எந்த அட்டை என்று அவர்களே முடிவு செய்து காரணம் சொல்லட்டும். தொடக்க வகுப்புகளில் சட்டையும் திராட்சையும் போதும்.

அந்த மூன்று விடைகளைப் பார்த்த பிறகு, புதிய சொல்லுக்கு ஒற்றைப் பொருள் மட்டும் எழுதிப்போடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அது எவற்றோடு சேரும், எவற்றோடு சேராது என்று இரண்டு வரிகள் கூடுதலாக எழுதுகிறேன். பத்து நிமிடம் அதிகமாகிறது. மாணவர் எழுதும் வாக்கியங்களில் அந்தப் பத்து நிமிடத்தின் பலன் தெரிகிறது.