நிறை நிறமாலைமானி அளவுதிருத்தம் (தூய உலோகங்கள்)

நிறை நிறமாலைமானி அளவுதிருத்தம் என்பது, தூய உலோகமொன்றில் நுண்ணளவில் கலந்துள்ள பிற தனிமங்களை அளப்பதற்காக, கருவி காட்டும் அயனி எண்ணிக்கைக்கும் உண்மையான செறிவுக்கும் உள்ள தொடர்பை நிறுவும் செயலாகும். இக்கருவி திணிவு நிறமாலைமானி எனவும் வழங்கப்படுகின்றது. அது அயனிகளை எண்ணுமேயன்றிச் செறிவைத் தானாகக் கூறாது.

தேவை

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் எரிபொருட் குழாய்கள் சிர்க்கோனியக் கலப்புலோகத்தால் ஆனவை. இவ்வுலோகத்தின் மூலக்கனிமமான சிர்க்கான், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கப்படுகின்றது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணு எரிபொருள் வளாகத்தின் சிர்க்கோனிய ஆலை உள்ளது. சிர்க்கோனியம் நியூட்ரான்களை மிகக் குறைவாகவே உட்கவரும். இவ்வேலைக்கு அது தெரிவு செய்யப்பட்டமைக்கு இதுவே முதன்மைக் காரணம். ஆனால் சிர்க்கானில் இயற்கையாகவே உடனிருக்கும் ஆஃப்னியம் அதைப்போல் 500 மடங்குக்கும் மேலாகவும், போரான் ஏறத்தாழ 4,000 மடங்காகவும் நியூட்ரான்களை உட்கவர்கின்றன. ஆகவே அணுஉலைத் தரச் சிர்க்கோனியத்தில் ஆஃப்னியம் பத்து இலட்சத்தில் 100 பங்கையும், போரான், காட்மியம் ஆகியன ஒவ்வொன்றும் 0.5 பங்கையும் தாண்டலாகாது என்பது வழக்கமான வரம்பு.

நிறை அச்சைச் சரிசெய்தல்

லித்தியம் போன்ற இலேசான தனிமம் முதல் தாலியம் போன்ற கனமான தனிமம் வரை கலந்த கரைசலைச் செலுத்தி, ஒவ்வொரு முகடும் உரிய இடத்தில் விழுகின்றதா எனப் பார்ப்பர். தற்காலக் கருவிகளில் இதைக் கணினியே செய்துவிடுகின்றது. கடினமான பகுதி இதன் பின்னரே தொடங்குகின்றது.

தாய் உலோகத்தின் தாக்கம்

தூண்டல் பிளாசுமா வகைக் கருவியில் உலோகத்தை அமிலத்தில் கரைத்துச் செலுத்துவர். அயனிக் கற்றையில் சிர்க்கோனிய அயனிகள் பெரும்பான்மையாக இருப்பதால், ஒத்த மின்னேற்றங்களின் விலக்கு விசையால் இலேசான போரான் அயனிகள் கற்றையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு இழக்கப்படுகின்றன. தூய நீரில் கரைத்த போரானைக் கொண்டு அளவுதிருத்தம் செய்தால் இவ்விழப்பு கணக்கில் வராது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காண்போம். நீர்க் கரைசலில் 1 பங்கு போரான் 1,000 எண்ணிக்கை தருகின்றது. உலோக மாதிரி 420 எண்ணிக்கை தந்தால் 0.42 பங்கு என முடிவு செய்து, வரம்புக்குள் உள்ளது எனச் சான்றளித்துவிடலாம். இப்போது அதே மாதிரிக் கரைசலில் 0.5 பங்குக்கு ஈடான போரானைச் சேர்த்து மீண்டும் அளந்தால் 720 கிடைக்கின்றது என்க. 0.5 பங்குக்கு 300 எண்ணிக்கைதான் கூடியுள்ளது. அதாவது இந்த உலோகத்தின் முன்னிலையில் 1 பங்குக்கு 600 மட்டுமே. உண்மையான அளவு 420 ÷ 600 = 0.7 பங்கு. மாதிரி நிராகரிக்கப்பட வேண்டியது! இது சேர்ப்பு முறை எனப்படும். உலோகத்தை நன்கு நீர்த்துப்போகச் செய்வதும் தாக்கத்தைக் குறைக்கும். ஆனால் அளக்க வேண்டிய போரானும் உடன் நீர்த்துவிடும்.

சேர்ப்பு முறை எல்லாவற்றையும் தீர்க்காது. போரோசிலிக்கேட்டுக் கண்ணாடிக் குடுவையிலிருந்து கசியும் போரானும் மாதிரியின் போரானாகவே எண்ணப்படும். எனவே நெகிழிக் கலன்களைப் பயன்படுத்தி, மாதிரியின்றி அமிலத்தை மட்டும் தனியே அளந்து அதைக் கழிக்க வேண்டும்.

மேற்பொருந்தல்

காட்மியத்தில் சிக்கல் வேறு விதமானது. சிர்க்கோனியம்-96 ஆக்சிசன்-16 உடன் இணைந்தால் நிறை 112. காட்மியத்தின் முக்கிய ஓரிடத்தான் ஒன்றின் நிறையும் அதுவே. உடன் ஐதரசனும் சேர்ந்தால் 113 பாதிக்கப்படும். சேர்ப்பு முறையால் இதைக் கண்டறிய இயலாது. காட்மியத்தைச் சிர்க்கோனியத்திலிருந்து முன்னரே வேதிமுறையில் பிரிப்பது ஒரு வழி.

ஒளிர்வு மின்னிறக்க முறை

இம்முறையில் உலோகத்தைக் கரைக்காமல், ஆர்கான் வளிமத்தில் எதிர்மின்வாயாக வைத்து அதன் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகப் பெயர்ப்பர். மாசின் அயனி எண்ணிக்கைக்கும் தாய் உலோகத்தின் அயனி எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தை ஒப்புணர்திறன் காரணியால் பெருக்கச் செறிவு கிடைக்கும். இக்காரணியைச் சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருளிலிருந்து பெற வேண்டும். பொதுவான காரணிகளைப் பயன்படுத்தினால் விடை இரு மடங்கு வரை விலகக்கூடும். ஆஃப்னியத்தில் அதிகம் கிடைப்பது 180 நிறையுள்ள ஓரிடத்தான்தான். ஆயினும் இரு சிர்க்கோனியம்-90 அணுக்கள் இணைந்த அயனியும் 180 ஆகையால், இங்கு 178-ஐத் தெரிவு செய்வதே நன்று.