நிழல் மங்கினால் யூனிட் குறையும்

நவம்பர் மாத டெல்லி. நண்பகல், மேகமில்லாத வானம். மொட்டைமாடியில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். ஈரத்தாளில் ஊறிய மை போல விளிம்பு கரைந்து கிடக்கும். புகைமூட்டம் இன்னும் அடர்ந்தால் நிழலே விழாது. பக்கத்தில் சோலார் பேனல் இருந்தால் இந்த நிழலே ஒரு மீட்டர்தான்: அது மங்க மங்க யூனிட்டும் குறையும்.

வாகனப் புகை, அனல்மின் நிலையப் புகை, வயலில் எரித்த வைக்கோல், கட்டுமானத் தூசி எல்லாம் நுண்துகள்களாக டெல்லிக் காற்றில் மிதக்கின்றன. சல்பேட் போன்ற வெளிர் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறியதில் ஒரு பங்கு சுற்றிவளைத்தாவது பேனலுக்கு வந்து சேரும். மிச்சம் விண்வெளிக்கே திரும்பிவிடும். கரித்துகளோ ஒளியை விழுங்கிச் சூடாகிவிடும். காலை, மாலை வெயில் சாய்வாக வருவதால் இந்தக் காற்றுக்குள் நெடுந்தூரம் பயணிக்கிறது, இழப்பும் கூடுகிறது.

2016, 2017 அளவீடுகளை வைத்து ஆய்வாளர் இயன் மரியஸ் பீட்டர்ஸ் குழுவினர் டெல்லிக்குக் கணக்குப் போட்டார்கள். பேனலுக்குக் கிடைக்கவேண்டிய வெயிலில் ஏறத்தாழ 12 சதவீதம் போய்விடுகிறது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 200 யூனிட் ஒளி ஆற்றல். அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும் பேனலுக்கு 40 யூனிட் நட்டம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வண்டிகள் நின்றதும், அம்மாத இறுதியில் டெல்லிக்கு முந்தைய ஆண்டுகளைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதல் வெயில் கிடைத்ததையும் அதே குழு பதிவுசெய்தது.

காற்றில் தப்பி வந்த ஒளிக்குக் கண்ணாடியின் மேல் இன்னொரு தடை. காந்திநகர் ஐ.ஐ.டி.யில் சில வாரம் துடைக்காமல் விட்ட பேனல்களைக் கழுவியதும் மின் உற்பத்தி 50 சதவீதம் உயர்ந்தது. படிந்த அழுக்கின் எடையில் 92 சதவீதம் மண்தூசி. மனிதர் உண்டாக்கிய மாசு எடையில் கொஞ்சம்தான். ஆனால் பொடிப்பொடியாக இருப்பதால், எடைக்கு எடை பார்த்தால் தூசியைவிட அதிக ஒளியை மறைப்பது அதுதான். பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்வதால் எளிதில் போவதுமில்லை.

பேனலைக் கழுவத் தண்ணீரும் துணியும் போதும். காற்றுக்கு அது நடக்காது. புகையை அது கிளம்பும் இடத்திலேயே நிறுத்தவேண்டும். சீனாவைப் பற்றி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 1960களின் தெளிந்த வானம் திரும்பியிருந்தால், 2016இல் அங்கிருந்த பேனல்களே மேலும் 1,400 கோடி யூனிட் தந்திருக்கும் என்றது. நிலக்கரிக்கு மாற்றாகத்தான் பேனலை மாட்டுகிறோம். அந்த நிலக்கரியின் புகையே பேனலின் வெயிலில் பங்கு பிடிக்கிறது. ஓர் அனல்மின் நிலையப் புகை நின்றால், புதிதாக ஒன்றும் வாங்காமலே பழைய பேனல் கூடுதலாக உழைக்கும்.