கோடைக்கால வீட்டுத்தோட்டம்



மட்டக்களப்பிற் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எழுவான்கரை, படுவான்கரை என்னும் பெயர்கள் புதியனவல்ல. கதிரவன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை; அவன் படும் பக்கத்துக் கரை படுவான்கரை. இரண்டிற்கும் நடுவே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு வாவி கிடக்கின்றது. படுவான்கரை நெல்லுக்குப் பேர்போனது. எழுவான்கரையோ கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கி நீண்ட மணல்நிலம். ‘இந்த மணலில், அதுவும் கோடையில், காய்கறி விளையுமா?’ என்று வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் என்னைக் கேட்பதுண்டு. விளையும் என்பது மட்டுமன்று. விதைத்தவனே வியக்கும் அளவுக்கு விளையும். அவ்வியப்பின் காரணம் யாது, அவ்விளைவுக்கு நேரக்கூடிய கேடு யாது என்பனவற்றையே இன்று கூற விழைகின்றேன்.

எமது பகுதியின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றுடன் ஐப்பசி முதல் தை வரை பெய்து தீர்ந்துவிடும். அதன்பின் நீண்ட கோடை. வைகாசிக்குப் பின் கச்சான் வீசத் தொடங்கும். கச்சான் என்ற பெயர் நம்மிடையே கடலைக்கும் உண்டு. இங்கே நான் குறிப்பது காற்றை. தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, கிழக்கே இறங்கும்பொழுது வெப்பமடைகின்றது. அக்காற்றுப் பட்டால் தக்காளியும் மிளகாயும் பூவை உதிர்த்துவிடும். முருங்கையோ அதே காற்றில் தழைத்து நிற்கும். ஆகவே கோடைத் தோட்டக்காரன் கற்கவேண்டிய முதற்பாடம், காலத்தோடு மல்லுக்கு நில்லாமல் அதற்கிசைந்த பயிரைத் தேர்ந்துகொள்வதாகும்.

இனி வியப்புகளுக்கு வருவோம். என் வளவில் மிகுதியாகக் காய்த்த பூசணி நான் நட்ட பூசணியன்று. குப்பைக்குழியில் தானே முளைத்தது. சமையலறைக் கழிவும் சாம்பலும் உக்கிய சருகும் சேர்ந்த இடத்தில், மணலில் இல்லாத ஊட்டமும் ஈரமும் அதற்குக் கிடைத்தன. அக்கொடியில் முதலில் வந்த பூக்கள் யாவும் காயாகாமல் உதிர்ந்தன. நான் மனஞ்சோர்ந்திருக்க, அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் அவை ஆண்பூக்கள் என்றும், அடியிற் சிறுகாயுடன் பெண்பூக்கள் பின்னரே வரும் என்றும் கூறித் தேற்றினார். அவ்வாறே வந்தன. பட்டதாரி ஒருவன் அன்று ஒரு பாட்டியிடம் பாடங் கேட்டான்.

காய்த்தவை தாய்ப்பூசணியைப் போலிருக்கவில்லை. சில நீண்டும் சில தட்டையாகவும் இருந்தன. தேனீ ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதால் விதையில் இரு குணமும் கலந்துவிடுகின்றன. புடலையின் செய்தி இன்னும் இனியது. அதன் வெண்பூ இரவில் விரிவது. நூல் பிரிந்தாற்போன்ற இதழ்களை நாடி இருளில் விட்டில் வரும். மாலையில் விளக்கோடு பந்தலின்கீழ்ச் சென்று பார்த்தவரே அதன் அழகை அறிவர்.

மற்றொரு வியப்பு, காய் ஒளிந்துகொள்வது. நேற்றுத் தேடியபொழுது இல்லாத பாகற்காய் இன்று செம்மஞ்சளாய் வெடித்துத் தொங்கும். வெண்டியை இரண்டு நாள் மறந்தால் நார் பாய்ந்துவிடும். இதில் ஓர் உண்மை உண்டு. செடியின் நோக்கம் நமக்குக் கறி தருவதன்று. தன் விதையை முற்றச் செய்வதே. விதை முற்றிவிட்டால், தன் வேலை முடிந்ததெனப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பிஞ்சிலே பறித்தால் மீண்டும் பூக்கும். ஆதலால் வெண்டியும் பயற்றையும் பறிக்கப் பறிக்கப் பெருகுவன. தின்று தீராததை அயலாருக்குக் கொடுப்பதும் ஒருவகையில் உழவுத்தொழிலே. கொடுப்பதற்காகப் பறிப்பவன் வீட்டிலே செடி ஓய்வதில்லை.

இத்தனைக்கும் அடிப்படை கிணற்று நீர். இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த மணலின் நடுவே நன்னீர் எவ்வாறு நிற்கின்றது? மாரியில் மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னினும் அடர்த்தி மிக்க உவர்நீரின்மேல் மிதக்கின்றது. ஒல்லாந்தரான கைபன், செருமானியரான ஏட்சுபேக்கு என்போர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இதன் கணக்கைக் கண்டனர். கடல் மட்டத்திற்குமேல் 1 அங்குல நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அங்குலம் வரை நன்னீர் இருக்கும். மாறாக, மேலே 1 அங்குலம் தாழ்ந்தால் கீழிருந்து உவர் 40 அங்குலம் ஏறத் தலைப்படும்.

இக்கணக்கை நான் ஏட்டிற் படிக்குமுன் தோட்டத்திற் படித்தேன். விளைச்சலின் ஆசையால் கிணற்றில் மின்மோட்டார் பொருத்தி, காலையும் மாலையும் பாத்திகளை வெள்ளமாக்கினேன். 2021 ஆம் ஆண்டுக் கோடையின் நடுவில் நீர் கரிக்கத் தொடங்கிற்று. பயற்றையிலையின் ஓரங்கள் தீய்ந்தன. குடிநீருக்கும் அயலார் கிணற்றையே நாட நேர்ந்தது. தவறு என்னுடையதே.

மாரி வந்து கிணற்றைத் திருத்திற்று. மறு ஆண்டு, 2022 இல், நாட்டின் நெருக்கடி நம் அனைவரையும் தாக்கியது. எரிபொருள் இல்லை, உரம் அரிது, மின்வெட்டால் மோட்டார் உறங்கிற்று. யூன் மாதத்தில், அரச அலுவலர் வீட்டுத்தோட்டஞ் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை இணங்கியது. பாடசாலைகளும் சில வாரங்கள் மூடப்பட்டன. நானோ வாளியை எடுத்தேன். செடியடியிற் குழிதோண்டித் தேங்காய்ப் பொச்சைப் புதைத்து, அதன்மேல் மண்ணிட்டு, மாலையில் மட்டும் வேருக்கு நீர் வார்த்தேன். ஈரம் பொச்சில் தங்கிற்று. மோட்டார்க் காலத்தினும் குறைந்த நீரில் கூடுதலாகக் காய்த்தது. கச்சான் ஓயும்வரை கிணறும் இனித்தது. அக்கோடையில் எமது ஒழுங்கையில் பல வீடுகளின் உலைக்கு அப்பூசணியும் முருங்கையுமே கைகொடுத்தன.

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையின் கிணறுகளை உப்பாக்கியதை நேயர்கள் மறந்திரார். அவற்றை மெல்ல மெல்ல மீட்டதும் அடுத்தடுத்த மாரிமழையே. மழை தரும் கடனை மழையே அடைக்கும். ஆனால் அதற்குமேல் நாம் கடன் வாங்கலாகாது.

ஆகவே இக்கோடையில் விதையிடும் அன்பர்கள் பந்தலை அண்ணாந்து பார்க்குமுன் கிணற்றைக் குனிந்து பார்ப்பார்களாக. நீர் இனிக்குமட்டும் தோட்டம் நமக்கு வியப்புகளை வைத்திருக்கும்.