வலியை எழுதுவது ஒரு துணிச்சல்... சொந்த ஊர் படிப்பது இன்னொரு சோதனை!

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் இருக்கும் ஒரத்தநாட்டுக்கு ஒரு பழைய அடையாளம் உண்டு. அதுதான் முத்தம்பாள் சத்திரம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட அந்தச் சத்திரத்தால், அவர் பெயர் இருநூறு ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது. ஆனால், முத்தம்பாள் எப்படி வளர்ந்தார், எதற்குச் சிரித்தார், எதற்கு அழுதார் என்பதெல்லாம் அவர் வார்த்தைகளில் நமக்குக் கிடைக்கவில்லை.

சின்ன வயதில் பட்ட காயங்களைப் பலரும் இப்படித்தான் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் மட்டும் எழுதினார்கள். எழுதியதற்காக அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல!

தஞ்சாவூரில் படித்த வித்யா

திருச்சியில் 1982-ல் பிறந்தவர் லிவிங் ஸ்மைல் வித்யா. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர். ஆண் பிள்ளை வேண்டும் என்று தவமிருந்த குடும்பத்தில், ஆணாகவே பார்க்கப்பட்டு வளர்ந்தார். மகன் பெரிய அதிகாரியாக வேண்டும் என்பது அப்பாவின் கனவு. படிப்பில் கொஞ்சம் சறுக்கினாலும் அடி விழும். தான் ஒரு பெண் என்று மனசு சொல்வதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத நிலை.

முதுகலைப் பட்டம் வாங்கியவர், பிறகு புனேவுக்குப் போய் ரயில்களில் கையேந்திப் பிழைக்க நேர்ந்தது. இத்தனையையும் மறைக்காமல் அவர் எழுதிய 'நான், வித்யா' 2007-ல் வெளியானது. ஆங்கிலத்துக்கும் கன்னடத்துக்கும் போனது. அதை வைத்து எடுக்கப்பட்ட 'நானு அவனல்ல... அவளு' கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது.

வடைப் பொட்டலமும் ஒரு சிறுமியும்

வித்யாவுக்கு 15 ஆண்டுகள் முன்பே இந்தப் பாதையில் நடந்தவர் எழுத்தாளர் பாமா. விருதுநகர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்த்து, சிறுமி பாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிப் போகிறார் என்று அண்ணன் விளக்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. இன்று என்.சி.இ.ஆர்.டி-யின் 12-ம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அந்தச் சம்பவத்தை மாணவர்கள் படிக்கிறார்கள்.

கன்னியாஸ்திரி மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு, 1992-ல் வெளியே வந்தார் பாமா. கையில் வேலை இல்லை. அப்போது மனபாரத்தை இறக்கிவைக்க எழுதியதுதான் 'கருக்கு'. அதே ஆண்டில் புத்தகமாக வந்தது.

புனைபெயரில் எழுதியும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் மானத்தை வாங்கிவிட்டதாகச் சொந்த மக்களே கோபப்பட்டார்கள். ஏழு மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை. படித்த இளைஞர்கள் புத்தகத்தைப் புரிந்துகொண்டு எடுத்துச் சொன்ன பிறகுதான் கோபம் தணிந்தது. 2000-ல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து, கிராஸ்வேர்டு விருது பெற்றது.

அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர். அதன்பின் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பேசாமலே இருந்தார். அதை அவர் புத்தகத்தில் எழுதியது 1969-ல், நாற்பது வயதை ஒட்டி. மௌனம் கலைய அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

புத்தகம் வந்த பிறகு...

எழுதும்போது பக்கத்தில் யாரும் இல்லை. வெளியீட்டு விழா, பேட்டி, கல்லூரிக் கூட்டம் என்று வரும்போதுதான் சிக்கல். 'அன்னைக்கு என்ன நடந்துச்சு?' என்று ஒவ்வொரு மைக்கும் கேட்கும். பதில் சொல்லச் சொல்ல ஆறிய புண் மறுபடியும் வலிக்கும். எதற்குப் பதில் சொல்வது, எதற்கு 'புத்தகத்தில் இருக்கிறது' என்று நிறுத்திக்கொள்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. வலி முழுவதையும் ஊருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரத்தநாடு மாதிரி ஊர்களில் 'யார் வீட்டுப் பிள்ளை?' என்ற கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். அதனால், எழுதுகிறவர் தன்னைப் பற்றி மட்டும் யோசித்தால் போதாது. கதைக்குள் வரும் அம்மா, தங்கை, தோழி ஆகியோரையும் யோசிக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவது, தேவையான இடத்தில் பெயரையும் அடையாளத்தையும் மாற்றுவது இரண்டுமே பாதுகாப்பு.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் யார் என்பதை மற்றவர்கள் வெளியிடுவது குற்றம். வயதுவந்தவர் என்றால், அவரே எழுத்துமூலம் அனுமதி தரலாம். குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிட போக்சோ சட்டம் தடை விதிக்கிறது.

புத்தகமாக வந்தால்தான் எழுத்து என்றில்லை. செல்போனில் நாலு வரி எழுதி, யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொண்டாலும் எழுத்துதான். எழுத எழுத மனசு கனத்துப்போனால், அங்கேயே நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, பெண்களுக்கு 181. எல்லாமே கட்டணமில்லாத எண்கள்.

நம் வீட்டுப் பெண்ணோ பையனோ ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு நோட்டை நீட்டினால், 'இதையெல்லாம் ஏன் எழுதுறே?' என்று கேட்காமல் முதலில் படித்துப் பார்ப்போம். அந்தக் கதையின் முதல் வாசகர் நாமாகத்தான் இருப்போம்!