ஒரே புளோக்கில் இருந்தால்தான் பேசும்

தேக்கா ஈரச்சந்தையில் வஞ்சிரத்தை எடை போடச் சொல்லிவிட்டு நின்றேன். சித்தி மகன் அழைத்தான்.

"அக்கா, கேமரா பேரு கம்ப்யூட்டர்ல தெரியுது. திறந்தா படம் வரல. ராத்திரி முழுக்கப் போராடிட்டேன்."

துவாஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். தகுதிகாண் காலம் முடியவில்லை. பாட்டில்களில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கேமரா அது. அது பார்க்காவிட்டால் உற்பத்தி ஓடாது. எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்துவிடுவார்.

வானொலிக்காரி எனக்குக் கேமரா தெரியாது. ஆனால் எங்கள் கலையகத்தில் குரலும் நெட்வொர்க் கேபிளில்தான் போகிறது. அது முரண்டுபிடித்த நாள்களில் பொறியாளர் அருகில் நின்று கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஐபி முகவரிகளைப் படிக்கச் சொன்னேன். கணினிக்கு 192.168.1.10. கேமராவுக்கு 169.254 என்று தொடங்கியது. யாரும் முகவரி தராதபோது கருவி தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. வீவக வீடுபோல நினைத்துக்கொள்ளுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் புளோக், கடைசி எண் வீட்டு எண். புளோக் ஒன்றாக இருக்க வேண்டும், வீட்டு எண் வேறாக இருக்க வேண்டும். கேமராவுக்கு 192.168.1.20 கொடுத்தான். பிங் செய்தால் பதில் வந்தது.

படம் மட்டும் வரவில்லை!

அடுத்த சந்தேகம் ஃபயர்வால். பிங்கை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் தடுக்கும் குணம் அதற்கு உண்டு. ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தான், படம் வந்தது. உடனே திரும்பப் போடச் சொல்லி, கேமரா மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வைத்தேன். அணைத்தபடியே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு.

வந்த படமோ கிழிந்த சேலைபோல் கோடு கோடாக இருந்தது. இணைப்பு வேகம் 1,000 மெகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 காட்டியது. கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். தொழிற்சாலைக் கேமராக்களுக்கான 'ஜிக்-இ விஷன்' தரநிலை 2006இல் வந்தது. 100 மீட்டர் வரை சாதாரண நெட்வொர்க் கேபிளே போதும் என்பதுதான் அதன் வசதி. அந்தச் சாதாரணக் கேபிளை நாங்கள் கடைசியாகத்தான் பார்த்தோம். முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கிடங்கில் புதுக் கேபிள் ஒன்று கிடைத்தது. 7.52க்கு ஒரு படம் அனுப்பினான்: நேராக ஒட்டிய லேபிள்.

அந்த வாரமே ஜாலான் புசார் சிம் லிம் டவருக்கு என்னை இழுத்துப்போய் இரண்டு கேபிள் வாங்கினான். ஒன்று வேலைப் பையில் இருக்கிறது. இன்னொன்றை என்னிடம் கொடுத்து, "கலையகத்துக்கு வச்சுக்கங்க அக்கா" என்றான்.